புதிய ஊரிற் பிள்ளைக்கு ஒரு பாடசாலை

ஒரு குடும்பம் ஊர்விட்டு ஊர் பெயரும்போது முதலில் வீட்டைத் தேடுகின்றது. கிணற்று நீர் நல்லதா, கடைத்தெரு எவ்வளவு தூரம், பேருந்து எந்நேரம் வரும் என்பனவெல்லாம் விசாரிக்கப்படுகின்றன. உத்தியோக மாற்றத்தால் யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு வருபவரும், தொழில் நாடி மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குச் செல்பவரும், தோட்டத்தை விட்டு ஹற்றன் நகரிற் குடியேறுபவரும் இவற்றை ஓரிரு கிழமைகளில் ஒருவாறு ஒழுங்குசெய்து கொள்கின்றனர். வாடகை வீடு பிடிக்காவிடின் சில மாதங்களில் வேறொரு வீடு பார்க்கலாம். ஐந்து வயதுப் பிள்ளையை எந்தப் பாடசாலையிற் சேர்ப்பது என்ற முடிவோ அவ்வளவு இலகுவில் மாற்றத்தக்கதன்று. அப்பிள்ளை எழுத்தையும் எண்ணையும் யாரிடம் முதன்முதலிற் கற்கப்போகின்றது, பள்ளிக்கூடம் என்றதும் அதன் மனத்தில் எழப்போவது விருப்பமா அச்சமா என்பனவெல்லாம் அம்முடிவிலேயே தங்கியுள்ளன.

புதிதாக வந்தவர்களுக்கு ஊரார் கூறும் புத்திமதி பெரும்பாலும் ஒன்றேயாகும். அந்தப் பகுதியிற் பெயர்பெற்ற பாடசாலை எதுவோ, அதிலே எப்படியாவது ஓரிடம் பெற்றுவிட வேண்டும் என்பதே அது. இப்புத்திமதி எவ்வளவு பொருத்தமானது என்பதை ஆராய்வதற்கு, இந்நாட்டின் பாடசாலைகள் அமைந்த வரலாற்றையும், அனுமதி வழங்கப்படும் முறையையும், சிறு பிள்ளையின் தேவையையும் தனித்தனியே நோக்குதல் நன்று.

சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா கல்வி மந்திரியாயிருந்த காலத்தில், 1945 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி தொடக்கம் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புக்களிலே தாய்மொழி மூலமே கற்பித்தல் வேண்டும் என்ற கொள்கையும் அக்காலத்திலேயே நிலைபெற்றது. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் நிறைவேற்றப்பட்ட சட்டங்களினால், சமய நிறுவனங்கள் அரசாங்க உதவியுடன் நடத்திவந்த பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் ஏற்கும் பணி 1970 களில் நடைபெற்றது. 1980 ஆம் ஆண்டு முதற் பாடநூல்கள் இலவசமாக வழங்கப்படலாயின. ஐந்து முதற் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லுதல் 1998 ஆம் ஆண்டிற் கட்டாயமாக்கப்பட்டு, 2016 ஆம் ஆண்டில் அவ்வெல்லை பதினாறு வயதாக உயர்த்தப்பட்டது. இவற்றின் பயனாகச் சுமார் 10,000 அரசாங்கப் பாடசாலைகள் நாடெங்கும் பரந்து கிடக்கின்றன. மக்கள் வாழும் இடங்களிற் பெரும்பாலானவற்றில், சிறு பிள்ளை நடந்து செல்லக்கூடிய தூரத்தில் ஆரம்ப வகுப்புள்ள பாடசாலை ஒன்றேனும் உண்டு.

பாடசாலைகள் பரவிய அளவுக்கு வசதிகள் பரவவில்லை என்பதும் உண்மையே. கட்டணம் வாங்கி ஆங்கிலத்திற் கற்பித்த பழைய கல்லூரிகள் சில, கட்டடம், விளையாட்டு மைதானம், பழைய மாணவர் சங்கம் ஆகியவற்றுடன் முன்னணியிலேயே நின்றன. ஐந்து வகுப்புக்களை மட்டுமே கொண்ட சிறு பாடசாலைகள் பின்தங்கி நின்றன. முதலாந் தரத்து அனுமதிக்காக ஆண்டுதோறும் நிகழும் போட்டிக்கு இவ்வேற்றத்தாழ்வே மூலகாரணமாகும்.

இனி, அனுமதி முறையை நோக்குவோம். முதலாந் தரத்திற் சேரும் பிள்ளைக்கு, சேரும் ஆண்டின் ஜனவரி மாதம் 31 ஆந் திகதியன்று ஐந்து வயது பூர்த்தியாகியிருத்தல் வேண்டும். விண்ணப்பங்கள் முந்திய ஆண்டின் நடுப்பகுதியளவிலேயே கோரப்படுவது வழக்கம். ஆதலால், புத்தாண்டிற் குடிபெயர்ந்து வந்து, பெட்டி படுக்கைகளை இறக்கிவைத்த பின்னர் பாடசாலை தேடத் தொடங்குபவர் பெரிதும் பிந்திவிடுகின்றார். மாற்றம் வரும் என்று அறிந்த அன்றே, கல்வியமைச்சு அவ்வாண்டுக்கென வெளியிட்ட சுற்றறிக்கையை வாங்கிப் படிப்பதும், குடியேறப்போகும் பகுதியின் வலயக் கல்விப் பணிமனையில் விசாரிப்பதும் அவசியமாகும்.

இடங்களின் தொகைக்கு மேல் விண்ணப்பங்கள் வராத பாடசாலையில் எவ்விதப் போட்டியும் இல்லை. விண்ணப்பங்கள் மிகும்போதே பிரிவுகளும் புள்ளிகளும் தொழிற்படத் தொடங்குகின்றன. 2020 களின் முற்பகுதியில் நடைமுறையிலிருந்த சுற்றறிக்கைகளின்படி, நூற்றுக்கு 50 இடங்கள் அயலில் வசிப்போரின் பிள்ளைகளுக்கும், 25 பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும், 15 அப்பாடசாலையில் ஏற்கெனவே கற்போரின் சகோதர சகோதரிகளுக்கும் உரியன. எஞ்சியவற்றில் 5 கல்விச் சேவையோடு நேரடித் தொடர்புடையோரின் பிள்ளைகளுக்கும், 4 சேவைத் தேவையின் பொருட்டு இடமாற்றம் பெற்று வரும் அரசாங்க உத்தியோகத்தரின் பிள்ளைகளுக்கும், 1 வெளிநாட்டிலிருந்து குடும்பத்துடன் திரும்பி வருவோரின் பிள்ளைகளுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. இவ்வீதங்களும் புள்ளி வழங்கும் விதிகளும் காலத்துக்குக் காலம் திருத்தப்படக்கூடியவையாதலின், அயலவர் சென்ற ஆண்டு கூறியதை இவ்வாண்டு நம்பியிருத்தல் கூடாது.

அயலில் வசிப்போர் என்ற பிரிவிலே புதிதாக வந்தவர் கவனிக்கவேண்டியவை இரண்டு உள. வசிப்பிடத்தை நிரூபிப்பதற்குப் பெற்றோரின் பெயர் முந்திய ஐந்தாண்டு வாக்காளர் இடாப்பில் அவ்விலாசத்தில் இருப்பது முக்கியமாகக் கொள்ளப்படுகின்றது. வீட்டுறுதி போன்ற பத்திரங்களும் ஆராயப்படுகின்றன. நேற்று வந்த குடும்பத்துக்கு இவற்றில் முழுப் புள்ளி கிடைப்பது அரிது. மற்றையது தூரம். வீட்டுக்கும் விண்ணப்பிக்கும் பாடசாலைக்கும் உள்ள தூரத்தினும் கிட்டிய தூரத்தில், அப்பிள்ளை சேரத்தக்க வேறு அரசாங்கப் பாடசாலைகள் இருப்பின், ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழிக்கப்படுகின்றது. கிட்டிய பாடசாலையே ஒரு பிள்ளைக்கு முதலிற் பொருந்திய பாடசாலை என்ற எண்ணம் விதியின் உள்ளேயே அமைந்திருப்பதை இதிலிருந்து உணரலாம்.

இந்த விதியை வெல்வதற்காகப் பெயர்பெற்ற பாடசாலையின் மதிலோரமாக ஒரு விலாசத்தை உண்டாக்கிக் கொள்வோரும் இருக்கின்றனர். பத்திரங்கள் பொய்யென வெளிப்படின், பெற்ற இடமும் பறிபோகும். அதனினும் பெரிய நட்டம் ஒன்றுண்டு. வீடு எங்கே என்று யாராவது கேட்டால் இன்ன தெருவையே சொல்ல வேண்டும் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பழக்கிவிட நேர்கின்றது. பாடசாலையிற் காலடி வைக்குமுன்னர் அப்பிள்ளை கற்கும் முதலாவது பாடம் பொய்யாகிவிடுகின்றது.

பெயர்பெற்ற பாடசாலையின் புகழ் எதனால் உண்டானது என்பதையும் சற்று ஆராய்தல் வேண்டும். பல்கலைக்கழகம் புகுந்த மாணவர், துடுப்பாட்டத்தில் வென்ற அணி, உயர்தர வகுப்பின் விஞ்ஞானகூடம் முதலியவற்றால் எழுந்த புகழே பெரும்பாலும் காணப்படுகின்றது. இவை யாவும் மேல் வகுப்புக்களின் பெருமைகள். அவற்றின் ஒளி முதலாந் தரத்து வகுப்பறையிலும் விழுகின்றதா என்பதைப் போய்ப் பார்த்தவரே அறிவர். பெரிய கல்லூரியின் ஆரம்பப் பிரிவு மிகச் சிறந்ததாக இருத்தலும் கூடும். ஒரே வகுப்பில் நாற்பது பிள்ளைகள் நெருங்கியிருக்க, ஆசிரியை கடைசி வரிசைப் பிள்ளையின் கொப்பியை வாரத்துக்கு ஒருமுறையேனும் காண இயலாததாக இருத்தலும் கூடும்.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையிற் சித்தியடைந்தோரின் படங்களைத் தாங்கிப் பாடசாலை வாயில்களிலே தொங்கும் பதாகைகளும் அளவறிந்து மதிப்பிடத்தக்கவையே. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு உதவிப்பணம் வழங்குவதும், திறமையுள்ளோர் ஆறாந் தரத்தில் மேலான பாடசாலைக்குச் செல்ல வழிவகுப்பதும் அப்பரீட்சையின் நோக்கங்களாகும். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். சித்தியடைந்தோரில் எத்தனை பேர் பாடசாலைப் படிப்பால் முன்வந்தனர், எத்தனை பேர் மாலைநேரத் தனியார் வகுப்புக்களால் முன்வந்தனர் என்பதைப் பதாகை கூறுவதில்லை. பதாகையில் இடம்பெறாத பிள்ளைகள் ஐந்தாண்டு முடிவிற் பிழையின்றி வாசிக்கவும் எழுதவும் கற்றுள்ளனரா என்று அதிபரிடம் கேட்பதே பயனுள்ள கேள்வியாகும். நல்ல அதிபர் அக்கேள்வியைக் கேட்டுக் கோபங்கொள்ளமாட்டார்.

அங்ஙனமாயின் பெற்றோர் எவற்றைப் பார்த்து முடிவு செய்வது? முதலாவதாகப் பார்க்க வேண்டியது வகுப்பாசிரியரையே. ஆரம்ப வகுப்பிலே பெரும்பாலான நேரமும் ஒரே ஆசிரியரே பிள்ளைகளுடன் இருக்கின்றார். அவர் ஆரம்பக் கல்வியிற் பயிற்சி பெற்றவரா, அப்பாடசாலையிற் சில ஆண்டுகளாவது நிலைத்திருப்பவரா என்பவற்றை அறிதல் வேண்டும். தவணைக்கொரு ஆசிரியர் மாறும் வகுப்பிற் பிள்ளை யாரையும் நம்பக் கற்பதில்லை. அதிபரின் அனுமதியுடன் ஒரு காலைப்பொழுதிற் பாடசாலைக்குச் சென்று பார்ப்பது, பத்துப் பேரிடம் விசாரிப்பதிலும் மேலானது.

அவ்வாறு செல்பவர் கண்ணுக்குப் பல விடயங்கள் புலப்படும். முதலிரு தரங்களிலே விளையாட்டும் செயற்பாடுமே கற்றலின் பெரும்பகுதியாக இருக்க வேண்டும் என்பது 1990 களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தத்தின் கருத்து. தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்பன ஆரம்பக் கல்வியின் முக்கிய பாடங்கள். வகுப்பறைச் சுவரில் உள்ள படங்கள் பிள்ளைகள் வரைந்தனவா, அச்சிட்டு வாங்கப்பட்டனவா? வாசிக்கும் புத்தகங்கள் பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில் உள்ளனவா, அலுமாரியிற் பூட்டப்பட்டுள்ளனவா? பிள்ளைகள் ஆசிரியையிடம் அச்சமின்றிக் கேள்வி கேட்கின்றனரா? பிந்திக் கற்கும் பிள்ளையை அவர் எவ்வாறு நடத்துகின்றார்? இத்தகைய சிறு அடையாளங்களே அப்பாடசாலையின் உள்ளத்தைக் காட்டுவன.

மேசையில் ஒரு பிரம்பு கிடப்பின் அதையும் கவனித்தல் வேண்டும். உடற்றண்டனை கூடாதென்று கல்வியமைச்சு 2005 ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை விடுத்தது. 2016 ஆம் ஆண்டிலும் பாடசாலை ஒழுக்கம் பற்றிய சுற்றறிக்கை ஒன்று வெளியாயிற்று. அடித்தாற்றான் படிப்பு ஏறும் என்று பெருமையாகக் கூறும் பாடசாலை, பெற்றோர் சிலருக்கு உவப்பாக இருக்கலாம். அச்சத்தால் மனனஞ் செய்த பிள்ளை அச்சம் நீங்கியதும் மறந்துவிடும் என்பதை அவர்கள் நினைவிற்கொள்ளுதல் நன்று. அவ்வாறே மலசலகூடத்தையும் குடிநீரையும் பார்த்துவர யாரும் வெட்கப்படலாகாது. அருவருப்பாலோ பயத்தாலோ காலை முதல் அடக்கிக்கொண்டிருக்கும் சிறு பிள்ளைக்குப் பாடம் மனத்திற் பதிவதில்லை.

அடுத்ததாகத் தூரம். பன்னிரண்டு வயது மாணவனுக்குப் பேருந்துப் பயணம் ஒரு பெரிய காரியமன்று. ஐந்து வயதுப் பிள்ளையின் நிலை வேறு. நகரத்துப் பாடசாலைக்கு வாகனத்தில் அனுப்பப்படும் பிள்ளை, விடியுமுன் நித்திரையிலிருந்து எழுப்பப்பட்டு, அரைகுறையாக உண்டு, நெருக்கடியில் அமர்ந்து செல்கின்றது. திரும்பி வரும்போது வெயிலிற் சோர்ந்துவிடுகின்றது. விளையாட வேண்டிய நேரம் வீதியிற் கழிகின்றது. போகவர ஒன்றரை மணி நேரம் செலவாயின், கிழமைக்கு ஏழரை மணி நேரம் பிள்ளையின் வாழ்விலிருந்து கழிந்துவிடுகின்றது. அருகிலுள்ள பாடசாலைக்குத் தாயோ பேரனாரோ கைபிடித்து அழைத்துச் செல்லலாம். திடீரெனக் காய்ச்சல் கண்டால் உடனே போய் அழைத்து வரலாம். ஒரே தெருவின் பிள்ளைகள் வகுப்பிலும் மாலை விளையாட்டிலும் ஒன்றாயிருப்பதால், ஊர் புதிது என்ற அந்நியவுணர்ச்சியும் விரைவில் அகலும்.

தமிழ்ப் பெற்றோர் தனியே சிந்திக்கவேண்டிய விடயம் ஒன்று போதனாமொழியாகும். குருநாகல், காலி போன்ற மாவட்டங்களிலே தமிழ் மூலப் பாடசாலைகள் தொகையிற் குறைவு. அத்தகைய இடங்களுக்குச் செல்பவர், வீட்டைப் பிடித்த பின் பாடசாலையைத் தேடாமல், பாடசாலையைக் கண்ட பின் அதன் அயலில் வீட்டைத் தேடுதலே புத்திசாலித்தனமாகும். பிள்ளை பேசும் மொழியிலேயே முதலெழுத்தைக் கற்கும்போது, கேட்டறிந்த சொல்லுக்கும் கண்ணாற் காணும் எழுத்துக்கும் உள்ள தொடர்பு எளிதில் விளங்குகின்றது. மொழியே விளங்காத வகுப்பில் அமர்ந்த பிள்ளை, சொல்லையும் எழுத்தையும் ஒருங்கே சுமக்க வேண்டியதாகின்றது. சிங்களமும் ஆங்கிலமும் அறிந்திருத்தல் இந்நாட்டிற் பெரும்பயன் தருவது. அவற்றைத் தமிழ் மூலப் பாடசாலையிலும் பாடங்களாகக் கற்கலாம். ஆங்கில மூலம் கற்பிக்கும் சர்வதேசப் பாடசாலைகளோ கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதியப்படுபவை. அவற்றை நாடுபவர் கட்டணத்தை மட்டுமன்றிப் பாடத்திட்டத்தையும், தமிழ் எத்தனை ஆண்டு கற்பிக்கப்படும் என்பதையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

பிள்ளையின் சமயத்தைக் கற்பிக்க ஆசிரியர் உளரா என்பதும் விசாரிக்கத்தக்கது. தமிழ் மூலம் கற்பிக்கும் முஸ்லிம் பாடசாலை அருகில் இருப்பின், அதன் விடுமுறைக் காலங்கள் ஏனைய பாடசாலைகளிலிருந்து வேறுபடும் என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். ஒரு பிள்ளை அங்கும் மற்றொரு பிள்ளை வேறிடத்தும் கற்குமாயின் அது வீட்டு ஒழுங்கைப் பாதிக்கும்.

ஐந்தாந் தரத்தின் பின்னர் என்ன என்ற கேள்வியும் எழுகின்றது. மூன்றாம் வகைப் பாடசாலைகள் பல ஐந்தாந் தரத்துடன் நின்றுவிடுகின்றன. இரண்டாம் வகைப் பாடசாலைகள் பதினோராந் தரம் வரை செல்கின்றன. முதலாம் வகையின் பிரிவுகளிலே உயர்தர வகுப்புக்கள் உண்டு. ஐந்து வகுப்புடன் முடியும் பாடசாலை என்பதற்காக அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அங்கிருந்து வெளியேறும் பிள்ளைகள் வழக்கமாக எப்பாடசாலையில் ஆறாந் தரம் சேர்கின்றனர் என்று கேட்டறிந்தால் போதுமானது. பதினொரு வயதில் நிகழும் மாற்றத்தைப் பிள்ளை தாங்கிக்கொள்ளும். ஐந்து வயதிற் பெற்ற உறுதியே அதற்கு உதவும்.

ஏற்கெனவே இரண்டாம் மூன்றாந் தரங்களிற் கற்கும் பிள்ளையை மாற்றுவோருக்குச் சில குறிப்புக்கள் உரியன. இடைவகுப்புக்களில் வெற்றிடம் இருந்தாலன்றி அனுமதி கிடைப்பது கடினம். பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரம், முன்னேற்ற அறிக்கை, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி விபரம் ஆகியவற்றைப் புறப்படுமுன்னரே சேகரித்து வைத்தல் வேண்டும். இயலுமாயின் தவணை முடிவில் மாற்றுதல் நன்று. பிறப்புச் சான்றிதழ் இல்லாத காரணத்தினாற் பிள்ளையை வீட்டில் வைத்திருத்தல் தவறு. உத்தேச வயதுச் சான்றிதழ் பெறும் ஏற்பாடு இதற்கென்றே உண்டு. கட்டாயக் கல்வி வயதிலுள்ள எப்பிள்ளைக்கும் பாடசாலையில் இடம் பெறும் உரிமை இருக்கின்றது.

அருகிலுள்ள பாடசாலையைப் போய்ப் பார்த்த பின்னர், அது உண்மையிலேயே குறையுடையதெனப் பெற்றோர் காணுதலும் கூடும். ஆசிரியர் போதாமை, சிதைந்த கூரை, பொறுப்பற்ற நிர்வாகம் ஆகியவற்றைச் சகித்துக்கொண்டு பிள்ளையின் ஐந்தாண்டுகளை வீணாக்குமாறு யாரும் கேட்க இயலாது. அப்போது அடுத்துக் கிட்டியதைப் பார்ப்பதே முறை. ஆயினும், பார்க்காமலே ஒதுக்கிவிடுதல் வேறு, பார்த்த பின் விலகுதல் வேறு. பார்க்காமல் ஒதுக்கும் ஒவ்வொரு குடும்பத்தாலும் சிறு பாடசாலையின் இடாப்பில் ஒரு பெயர் குறைகின்றது. பெயர்கள் குறையக் குறைய ஆசிரியர்கள் வேறிடத்துக்கு மாற்றப்படுகின்றனர். ஆசிரியர் குறைந்ததைக் கண்டு எஞ்சிய பெற்றோரும் விலகுகின்றனர். இறுதியில் வாகனத்துக்குப் பணம் கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே அங்கு மிஞ்சுகின்றனர். அப்பாடசாலை மூடப்படும் நாளில், ஊருக்குப் பிறகு வரும் குடும்பத்துக்குத் தெரிவு என்று ஒன்றே இல்லாமற் போய்விடுகின்றது.

இதற்கு மாறானதும் நிகழக்கூடியதே. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்துக்கு ஒழுங்காகச் செல்லும் நாலைந்து பெற்றோர் ஒரு சிறு பாடசாலையிற் பெரிய மாற்றத்தை உண்டாக்கலாம். ஆசிரியர் வெற்றிடத்தை நிரப்புமாறு கோட்டக் கல்வி அதிகாரிக்கு எழுதுவதும், குடிநீர்க் குழாயைத் திருத்துவதும், வாசிப்புப் புத்தகங்கள் சேர்ப்பதும் பெரும்பணம் வேண்டும் காரியங்கள் அல்ல. பெரிய கல்லூரியிலே ஆயிரம் பேரில் ஒருவராக நிற்கும் பெற்றோர், இங்கே அதிபர் பெயர் சொல்லி அழைக்கும் ஒருவராகின்றனர். புதிய ஊரில் வேரூன்றுவதற்கு இதனினும் நல்ல வழி கிடைப்பதரிது.

எப்பாடசாலையைத் தெரிந்தாலும், தொடங்கும் நாளுக்கு முன்னர் ஓரிரு முறை பிள்ளையை அவ்வழியே நடத்திச் சென்று காட்டுதல் வேண்டும். வாயில், மரநிழல், தண்ணீர்க் குழாய், வகுப்பறை ஆகியவை முன்பே கண்டனவாக இருப்பின் முதல்நாட் கலக்கம் பாதியாகக் குறையும். பின்னர் மாலைதோறும், இன்று என்ன படித்தாய் என்று கேட்குமுன், இன்று யாருடன் விளையாடினாய் என்று கேட்டல் நன்று. சில கிழமைகளில் அப்பிள்ளை ஒரு தோழனின் பெயரையும் ஆசிரியையின் சொல் ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டு வருமாயின், பெற்றோர் செய்த தெரிவு பிழையானதன்று எனக் கொள்ளலாம்.